ராபர்ட் கிஸ்கார்ட்: வாழ்க்கையும் குடும்பமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

11ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியைத் தன் கைக்குள் கொண்டுவந்த நார்மன் பிரபு ராபர்ட் கிஸ்கார்ட். இவரைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் போர்கள் அல்ல, உறவுமுறை. எந்த ரோஜர், எந்த வில்லியம், எந்த மனைவியின் பிள்ளை என்பதில் குழம்பிவிட்டால் அதற்கப்புறம் ஒரு சண்டைக்கும் காரணம் புரியாது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

நார்மன்னா இங்கிலாந்தைப் பிடிச்சவங்கதானே, இத்தாலில அவங்களுக்கு என்ன வேலை?

அதே ஆட்கள்தான். பிரான்ஸின் வடக்குக் கரையில் உள்ள நார்மண்டி, 911இல் ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்குப் பிரெஞ்சு அரசர் விட்டுக்கொடுத்த நிலம். சில தலைமுறைகளுக்குள் அங்கே குடியேறியவர்கள் பிரெஞ்சு பேசும் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். குதிரை மேலிருந்து சண்டை போடுவதில் பெயர் எடுத்தார்கள்.

இங்கிலாந்தை 1066இல் ஒரு டியூக், ஒரே படையெடுப்பில் பிடித்தார். இத்தாலிக் கதை அப்படியல்ல. அங்கே போனவர்கள் பத்து, இருபது பேராகக் கூலிக்குச் சண்டை போடப் போனவர்கள். தென் இத்தாலியில் அபூலியாவும் கலாப்ரியாவும் கான்ஸ்டான்டினோபிளின் பைசாந்தியப் பேரரசிடம் இருந்தன. சலெர்னோ, கபுவா, பெனவெந்தோ மூன்றும் லொம்பார்டு (முன்பே இத்தாலியில் குடியேறிய ஜெர்மானிய வழியினர்) இளவரசர்களிடம் இருந்தன. சிசிலி முஸ்லிம் அமீர்களின் ஆட்சியில். இவர்கள் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்ததால் வாள் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கும் வேலை கிடைத்தது. 1030இல் நேப்பிள்ஸ் டியூக், ரைனுல்ஃப் என்ற நார்மன் தலைவருக்கு அவெர்சாவைக் கொடுத்தார். கூலிக்கு வந்தவர்கள் சொந்த நிலத்தில் காலூன்றியது அங்கேதான்.

ஓட்வில்ங்கிறது ஊர் பேரா, குடும்பப் பேரா?

ஊர்ப் பெயர். நார்மண்டியின் கொட்டன்டான் பகுதியில், குட்டான்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கிராமம். இன்றைக்கு அதன் பெயர் ஓட்வில் லா கிஷார். அந்த ஊர்ப் பிரபு டான்கிரெட்டின் பிள்ளைகளை 'ஓட்வில் குடும்பம்' என்று அழைப்பது நம் வசதிக்காகத்தான்; அந்தக் காலத்தில் நிரந்தரக் குடும்பப்பெயர் கிடையாது.

டான்கிரெட் பெரிய பிரபு அல்ல. டியூக்கின் அவையில் பத்துக் குதிரைவீரர்களுக்குத் தலைவராக இருந்தார் என்கிறார் ஜெஃப்ரி மலதெர்ரா. குடும்பத்துக்கு வேண்டியவராக எழுதிய துறவி அவர். அவரே அதற்கு மேல் உயர்த்திச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்பாவுக்கு 12 பசங்கன்னு சொல்றாங்களே, உண்மையா? எல்லாம் ஒரே அம்மாவா?

பன்னிரண்டும் உண்மை. ஒரே அம்மா இல்லை. முதல் மனைவி முரியெல்லாவுக்கு ஐந்து பேர்: வில்லியம், ட்ரோகோ, ஹம்ப்ரி, ஜெஃப்ரி, செர்லோ. அவர் இறந்தபின் வந்த ஃப்ரெசெண்டாவுக்கு ஏழு பேர்: ராபர்ட், மௌஜர், இன்னொரு வில்லியம், ஆப்ரி, டான்கிரெட், ஹம்பர்ட், ரோஜர். ஆக, ராபர்ட் ஆறாவது பையன். இரண்டாம் தாரத்தின் தலைமகன். ரோஜர் கடைக்குட்டி. பெண் பிள்ளைகளும் உண்டு. எழுதிவைத்தவர்கள் அவர்களை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு வில்லியம் இருப்பது எழுத்துப்பிழை அல்ல. மூத்தவர் 'இரும்புக்கை' வில்லியம். சிராகூஸ் அமீரைத் தனிச்சண்டையில் கொன்றதால் வந்த பட்டப்பெயர் அது. இளையவர் பின்னாளில் சலெர்னோவுக்குத் தெற்கே நிலம் பிடித்தவர்.

இத்தனை பேர் ஏன் ஊரை விட்டுக் கிளம்பினாங்க?

கணக்குப் போட்டால் தெரியும். பத்து வீரர்களை வைத்துக் காக்கும் அளவு நிலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒருவனுக்குக் குதிரைத் தீனிக்குக்கூட மிஞ்சாது. குதிரைவீரனாக வாழப் பயிற்சி பெற்ற போர்க்குதிரை வேண்டும், பயணத்துக்கு வேறொரு குதிரை, 10 முதல் 15 கிலோ எடையுள்ள இரும்பு வளையச் சட்டை, தலைக்கவசம், வாள், ஈட்டி, கூடவே ஒரு ஏவலாள். இதில் எது குறைந்தாலும் அவன் காலாள்தான். அக்கம்பக்கத்தில் அப்பா செத்ததும் பிள்ளைகள் பங்குக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் டான்கிரெட்டின் பிள்ளைகள் வெளியே போக முடிவு செய்தார்கள் என்று மலதெர்ரா சொல்கிறார்.

1035 வாக்கில் வில்லியமும் ட்ரோகோவும் முதலில் போனார்கள், ஹம்ப்ரி பின்தொடர்ந்தார். சலெர்னோ இளவரசர் குவைமாரிடம் வேலை, 1038இல் பைசாந்தியத் தளபதி மானியாகெஸோடு சிசிலிப் படையெடுப்பு, கொள்ளையில் பங்கு சரியாகக் கிடைக்காத கோபம், பிறகு அதே பைசாந்தியத்தின் மீது திருப்பம். 1041இல் மட்டும் மூன்று போர்களில் வென்றார்கள். 1042இல் நார்மன்கள் கூடி வில்லியமைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு தலைவர்களுக்கு ஊர்கள் பங்கு போடப்பட்டன. மெல்ஃபி மட்டும் எல்லோருக்கும் பொது. வில்லியம் 1046இல் இறக்க, ட்ரோகோ வந்தார். அவர் 1051இல் கொலையானபின் ஹம்ப்ரி. மொத்தத்தில் பன்னிருவரில் எட்டுப் பேருக்குக் குறையாமல் இத்தாலிக்கு வந்து சேர்ந்தார்கள்.

'கிஸ்கார்ட்'னா என்ன அர்த்தம்? அது அவர் சொந்தப் பேரா?

பட்டப்பெயர். சூழ்ச்சிக்காரன், தந்திரசாலி என்று பொருள். வசையாக அல்ல, மெச்சித்தான் சொன்னார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டவர் புவோனால்பெர்கோவின் ஜெரார்ட். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பேச்சில் திரும்ப வருவார்.

ஆரம்பத்துல கொள்ளைக்காரரா இருந்தாராமே?

ஆமாம், அதை அவருடைய ஆதரவாளர்களே மறைக்கவில்லை. 1046, 47 வாக்கில் ராபர்ட் வந்தபோது நல்ல ஊர்கள் எல்லாம் பங்காகிவிட்டன. அண்ணன் ட்ரோகோ கொடுத்தது கலாப்ரியாவில் ஸ்கிரிப்லா என்ற காய்ச்சல் பிடித்த பள்ளத்தாக்குக் கோட்டை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அங்கிருந்து சான் மார்கோ என்ற குன்றுக்கு மாறினார்.

அங்கே ஒரு ராத்திரி. நாளைக்கு என்ன சாப்பாடு என்று வீட்டுக் காரியஸ்தரிடம் கேட்கிறார். கையில் காசும் இல்லை, இருந்தாலும் விற்பதற்கு ஆளும் இல்லை என்கிறார் காரியஸ்தர். கலாப்ரியாவின் மலைப்பாதை தெரிந்த அறுபது ஸ்லாவியர்கள் ராபர்ட்டிடம் இருந்தார்கள். அவர்களை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, தானும் ஏழை உடுப்பில் அவர்களுக்குள் கலந்து போய்க் கொள்ளையோடு திரும்பினார் என்று மலதெர்ரா எழுதுகிறார். முறை எளியது: உயரமான இடத்தில் மரக்கோட்டை, சுற்றுவட்டாரத்தில் ஆடுமாடும் தானியமும் பறிப்பு, பிறகு 'பணம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன்' என்று பேரம். எதிர்க்க வலுவில்லாத ஊர்கள் முதலில் பணம் கட்டின.

பேரம் பெரியதானது பிசிஞ்ஞானோவின் பணக்காரர் பீட்டரிடம். பேச்சுவார்த்தைக்கு வந்த அவரை இடுப்போடு கட்டிப்பிடித்துக் குதிரையிலிருந்து இழுத்துத் தூக்கிக்கொண்டு போய், பெரிய தொகை வாங்கிக்கொண்டுதான் விட்டார். ஒரு மடத்துக் கோட்டைக்குள் சவப்பெட்டியில் வாள்களை ஒளித்து எடுத்துப் போய்ப் பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. இதே மாதிரிக் கதை வேறு பல வீரர்கள் பெயரிலும் சுற்றுகிறது. அதனால் பீட்டர் சம்பவத்தை நம்பும் அளவுக்கு இதை நம்ப வேண்டாம்.

முதல் கல்யாணம் யாரோட? எதுக்கு?

ஆல்பெரடா. மேலே சொன்ன ஜெரார்டின் அத்தை. இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் 200 குதிரைவீரர்களோடு உன் பக்கம் வருகிறேன் என்றார் ஜெரார்ட். அறுபது ஸ்லாவியர்களோடு ராத்திரிக் கொள்ளைக்குப் போனவருக்கு 200 குதிரைவீரர்கள் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் ட்ரோகோ முதலில் சம்மதிக்கவில்லை, கெஞ்சித்தான் வாங்கினார். கல்யாணம் 1051 வாக்கில். மகன் பொஹிமொண்ட், மகள் எம்மா.

அப்படின்னா அவங்களை ஏன் தள்ளி வெச்சார்?

சொன்ன காரணம், நெருங்கிய இரத்த உறவு. அன்றைய திருச்சபை விதிப்படி ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் கல்யாணம் செல்லாது. எண்ணும் முறையும் கடுமையானது. பொது மூதாதையிலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி. உடன்பிறந்தவர்கள் முதல் படி. மாமன் மகள், அத்தை மகள் எல்லாம் இரண்டாம் படி. இப்படி ஏழாம் படி வரை விலக்கு. ஏழு தலைமுறை தோண்டினால் பிரபு வீடுகளில் உறவாகாதவர் யார்? கல்யாணத்தின்போது கண்ணில் படாத உறவு, வேண்டாம் என்று தோன்றும்போது கண்டுபிடிக்கப்பட்டது. 1215இல்தான் இந்த விலக்கை நான்கு படியாகக் குறைத்தார்கள்.

உண்மைக் காரணம் சலெர்னோ. 1058இல் ராபர்ட் கட்டிக்கொண்டது சலெர்னோ இளவரசர் கிசல்ஃபின் தங்கை சிகெல்கைட்டாவை. அவர் பழைய லொம்பார்டு அரச வம்சம். கிசல்ஃபுக்கும் இதில் கணக்கு இருந்தது: ராபர்ட்டின் தம்பி, அந்த இளைய வில்லியம், அவர் நிலத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையாக ராபர்ட் வந்தால் வில்லியமை அடக்குவார் என்று எதிர்பார்த்தார். கொள்ளைக்காரன் என்று ஏசப்பட்டவருக்கோ இந்தக் கல்யாணத்தால் ஊர்க்காரர்கள் தலைவணங்கும் குடும்பத்தில் இடம் கிடைத்தது.

டியூக் பட்டத்தைப் போப் எப்படிக் கொடுக்க முடியும்? அது ராஜா கொடுக்கிறது இல்லையா?

முறைப்படி பார்த்தால் கேள்வி நியாயம்தான். பட்டம் கொடுத்த 1059க்கு ஆறு வருஷம் முன்னால், 1053 ஜூனில், நார்மன்களை விரட்டப் போப் ஒன்பதாம் லியோவே படை திரட்டி வந்து சிவித்தாத்தேயில் தோற்றுச் சிறைப்பட்டார். ஹம்ப்ரி தலைமை தாங்கிய அந்தப் போரில் ராபர்ட்டும் இருந்தார். விரட்ட முடியாதவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அதற்குப் பின்வந்தவர்களின் முடிவு. 1059இல் போப் இரண்டாம் நிக்கோலஸ், போப்பைக் கர்தினால்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆணை போட்டிருந்தார். ரோமாபுரிப் பிரபுக்களும் ஜெர்மானிய அரசவையும் எதிர்த்தால் காக்க வாள் வேண்டும்.

1059 ஆகஸ்டில் மெல்ஃபியில் ராபர்ட் சத்தியம் செய்தார். பட்டம்: கடவுள் அருளாலும் புனித பேதுரு அருளாலும் அபூலியா, கலாப்ரியாவின் டியூக், இனி சிசிலியின் டியூக். பதிலுக்கு ஒவ்வொரு ஏர்மாட்டு ஜோடிக்கும் வருஷத்துக்கு 12 பாவியா வெள்ளிக்காசு, தேவைப்பட்டால் படை உதவி. சிசிலியில் அப்போது ராபர்ட்டுக்கு ஒரு சாண் நிலம்கூட இல்லை. கலாப்ரியாவிலும் பாதி பைசாந்தியத்திடம். தன்னிடம் இல்லாததைப் போப் கொடுத்தார், தன்னிடம் இல்லாததற்கு ராபர்ட் கப்பம் ஒப்புக்கொண்டார். இரண்டு பேருக்கும் லாபம்.

அண்ணன் பையன் சொத்தைப் பிடுங்கிக்கிட்டார்ங்கிறது சரியா?

சரி. ஹம்ப்ரி 1057இல் இறக்கும்போது மகன் ஆபெலார்ட் சிறுவன். காப்பாளராக இருக்கச் சொல்லித் தம்பி ராபர்ட்டிடம் ஒப்படைத்தார். ராபர்ட் தலைமையைத் தானே எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குப் பின் தம்பி என்று ஏற்கெனவே இரண்டு முறை நடந்துவிட்டதால் நார்மன் தலைவர்கள் மறுக்கவில்லை. போர்க்காலத்தில் சிறுவனைத் தலைவனாக வைக்க யாரும் விரும்பவும் இல்லை.

ஆனால் ஆபெலார்ட் மறக்கவில்லை. 1067, 1072, 1079 என்று பெரிய கலகம் ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருக்கும். கலகக்காரர்களுக்குப் பைசாந்தியப் பணமும் வந்தது. ராபர்ட் பெரும்பாலும் மன்னித்தார், நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் பறித்தார். இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. கலகம் செய்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். எல்லோரையும் கொன்றால் படை நடத்த ஆள் இருக்காது.

கடைசித் தம்பி ரோஜரோட சண்டை எதுக்கு? அப்புறம் எப்படிச் சேர்ந்தாங்க?

கொடுப்பதாகச் சொன்ன நிலத்தைக் கொடுக்காததால். ரோஜர் 1061 கடைசியில் எவ்ரூவின் ஜூடித்தைக் கட்டிக்கொண்டார். நார்மண்டி டியூக்கின் சொந்தக்காரப் பெண். மாப்பிள்ளை பெண்ணுக்கு நிலம் எழுதிவைக்க வேண்டும் என்பது வழக்கம். கலாப்ரியாவில் பாதி தருவதாக அண்ணன் சொன்ன வாக்கு நிலுவையில் இருந்தது. கேட்டார், கிடைக்கவில்லை, சண்டை வந்தது.

1062இல் ஜெராச்சே என்ற ஊரை ரோஜர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ராபர்ட் தலையை மூடிக்கொண்டு தனியாக உள்ளே போய், பாசில் என்ற ஊர்ப்பெரியவர் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். ஆள் அடையாளம் தெரிந்து ஊரே திரண்டது. பாசிலைக் கொன்றார்கள், அவர் மனைவியைக் கழுவேற்றினார்கள், டியூக்கைப் பிடித்துவைத்தார்கள். செய்தி ரோஜருக்குப் போனது. அவர் படையோடு வாசலில் வந்து நின்று, 'அண்ணன் என் எதிரி, நானே பார்த்துக்கொள்கிறேன், ஒப்படையுங்கள்' என்கிற தொனியில் மிரட்டி வாங்கினார். வெளியே வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு கலாப்ரியாவைப் பங்கு போட்ட விதம் விசித்திரம்: இந்த ஊர் உனக்கு, அந்த ஊர் எனக்கு என்று இல்லாமல் ஒவ்வொரு ஊரிலும் ஆளுக்குப் பாதி.

அதே ஆண்டுக் குளிர்காலத்தில் ரோஜரும் ஜூடித்தும் சிசிலியின் ட்ரொயினாவில் நான்கு மாதம் முற்றுகையில் சிக்கினார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மேலங்கி. வெளியே போகிறவர் போட்டுக்கொள்வார். டியூக் குடும்பம் என்றதும் பட்டு மெத்தையைக் கற்பனை செய்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரி நகரத்தைப் பிடிக்க மூணு வருஷம் ஏன் ஆச்சு?

1068 ஆகஸ்ட் 5 முதல் 1071 ஏப்ரல் 16 வரை; மூன்று வருஷத்துக்குச் சில மாதம் குறைவு. பாரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருந்தது. தரைப்பக்கம் பலமான மதில். மற்ற பக்கமெல்லாம் கடல், அதன் வழியே சோறும் ஆளும் வரும். குதிரைவீரர்களை மட்டும் வைத்து அப்படி ஒரு ஊரை ஒன்றும் செய்ய முடியாது. ராபர்ட் கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்துத் துறைமுகத்தை அரைவட்டமாக அடைத்து, இரண்டு முனையிலும் கரைக்குப் பாலம் போட்டார். ஊர்க்காரர்கள் மதில் மேல் தங்கமும் வெள்ளியும் காட்டி எகத்தாளம் செய்தபோது, என் சொத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி என்றாராம்.

ராபர்ட் தங்கியது தழைகளால் கட்டிய குடில். ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது, காசுக்கு அமர்த்தப்பட்ட ஒருவன் தழை இடுக்கு வழியாக ஈட்டி எறிந்தான். தொண்டையில் கோழை கட்டி, துப்புவதற்கு மேசைக்கடியில் குனிந்த நேரம் அது, தலை தப்பியது. மறுநாள் கல்லால் வீடு கட்டும் வேலை தொடங்கியது.

முடிவைக் கொண்டுவந்தது கடற்சண்டை. 1071இல் உதவிக்கு வந்த பைசாந்தியக் கப்பல்களை ரோஜரின் கப்பல்கள் இரவில் எதிர்கொண்டன. பாய்மரத்தில் இரண்டு விளக்கு எரிந்த கப்பலைத் தலைமைக் கப்பல் என்று கண்டுகொண்டு அதையே குறிவைத்தார்கள். தவறும் நடந்தது: ஒரு நார்மன் கப்பலில் வீரர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பாய, கப்பல் கவிழ்ந்து 150 பேர் இரும்புச் சட்டையோடு மூழ்கினார்கள். மேலே சொன்ன 10, 15 கிலோ கடலில் என்ன செய்யும் என்பதற்கு இதுதான் சாட்சி. சரணடைந்த பாரியை ராபர்ட் சூறையாடவில்லை. அந்தக் கப்பல்களையே எடுத்துக்கொண்டு பலெர்மோவுக்குப் போனார். 1072 ஜனவரியில் அதுவும் விழுந்தது.

மச்சினன் ஊரையே பிடிச்சாராமே, பல் கதை ஒண்ணு சொல்றாங்களே?

கிசல்ஃபுடன் உறவு நிலைக்கவில்லை. 1076இல் ராபர்ட் சலெர்னோவை முற்றுகையிட்டார்; ஊர் டிசம்பரில் விழுந்தது, மேல்கோட்டை அடுத்த ஆண்டு. சலெர்னோவின் பெரிய பெருமை புனித மத்தேயுவின் பல். ராபர்ட் அதைக் கேட்டார். கிசல்ஃப் செத்துப்போன வேறு யாருடைய பல்லையோ துணியில் சுற்றி அனுப்பினார். ஒரிஜினல் பல் நாளைக்குள் வராவிட்டால் உன் பல் அத்தனையும் பிடுங்கப்படும் என்று பதில் போனது. அசல் வந்துவிட்டது.

சிகெல்கைட்டா நிஜமாவே போர்க்களத்துல இறங்கினாங்களா, இல்ல கட்டுக்கதையா?

இறங்கினார். 1080இல் ராபர்ட் தாரந்தோவில் இருக்கும்போது த்ரானி முற்றுகையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 1081 அக்டோபர் 18, இன்றைய அல்பேனியாவின் துர்ரஸில் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸை எதிர்த்த போர். ஓடத் தொடங்கிய நார்மன்களை நோக்கி 'எவ்வளவு தூரம் ஓடுவீர்கள், நில்லுங்கள்' என்று கத்தி, ஈட்டியோடு குதிரையில் துரத்தித் திருப்பினார் என்கிறார் பேரரசரின் மகள் அன்னா. நார்மன் பக்கத்துக் கவிஞர் அபூலியாவின் வில்லியமோ அவருக்கு அம்பு பட்டதாகச் சொல்கிறார். எதிரெதிர் முகாம்கள் இரண்டுமே அவரைக் களத்தில் நிறுத்துவதால் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்லின் வார்த்தைகள் மட்டும் அன்னாவின் அலங்காரம்.

அவர் ராபர்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற கதை நார்மண்டியில் பின்னாளில் எழுதப்பட்டது. பொஹிமொண்டுக்கு வேண்டியவர்கள் கிளப்பிய வாசனை அதில் அடிக்கிறது.

ராபர்ட் எப்படி இருப்பார்னு அன்னா எழுதியிருக்காங்களே, அதை நம்பலாமா?

நெடிய உருவம், சிவந்த முகம், பொன்னிற முடி, அகன்ற தோள், நெருப்புப் பொறி பறக்கும் கண், ஆயிரக்கணக்கானோரை ஓடவைக்கும் குரல் என்று எழுதுகிறார். அன்னா பிறந்தது 1083. ராபர்ட் இறந்தது 1085. பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அப்பாவோடு சண்டை போட்டவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். எதிரி எவ்வளவு பெரியவனோ, அவனைத் தாக்குப்பிடித்த அப்பா அவ்வளவு பெரியவர் அல்லவா?

மகள்களை எங்கெல்லாம் கட்டிக் கொடுத்தார்?

பார்சிலோனாவின் கோமகன் ராமோன் பெரெங்கர் ஒருவர், பிரான்ஸின் ரூசிப் பிரபு ஒருவர், வட இத்தாலியின் அட்ஸோவின் மகன் ஒருவர். அட்ஸோ வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் மாதிரி ஒன்றைத் தன் கீழுள்ள பிரபுக்களிடம் ராபர்ட் கேட்டார். குதிரையும் கோவேறு கழுதையும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். நாமும் இவரும் ஒன்றாக வந்தவர்கள், இவருக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற அந்த முனகல் அடுத்த கலகத்துக்கு விறகானது.

பெரிய சம்பந்தம் 1074இல்: ஒரு மகளைப் பேரரசர் ஏழாம் மைக்கேலின் குழந்தை மகன் கான்ஸ்டன்டைனுக்குப் பேசி கான்ஸ்டான்டினோபிளுக்கு அனுப்பினார். அங்கே அவருக்கு ஹெலனா என்று பெயர் மாற்றினார்கள். 1078இல் மைக்கேல் பதவி இழந்தார், நிச்சயம் முறிந்தது, பெண் அங்கேயே மாட்டிக்கொண்டார். 1081 படையெடுப்புக்கு ராபர்ட் சொன்ன சாக்கு அதுதான். பதவி இழந்த மைக்கேல் நான்தான் என்று சொல்லிக்கொண்ட ஒருவரையும் கூட்டிப் போனார். துர்ரஸ் மதில்மேல் நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் போரில் அலெக்சியோஸின் பக்கம் கோடரியோடு நின்றவர்களில் 1066க்குப் பின் நாட்டை விட்டு வந்த ஆங்கிலேயர்களும் உண்டு. முதல் கேள்வியின் இரண்டு கதைகளும் அந்த ஒரு நாள் முட்டிக்கொண்டன.

பொஹிமொண்ட்தானே மூத்தவர், அவர் ஏன் டியூக் ஆகல?

அம்மா மாறியதால். 1073இல் ராபர்ட் நோய்ப்பட்டுப் பிழைக்கமாட்டார் என்ற பேச்சு வந்ததும், சிகெல்கைட்டா பிரபுக்களைக் கூட்டித் தன் மகன் ரோஜர் போர்சாவை வாரிசாக ஏற்கவைத்தார். பாதி லொம்பார்டு இரத்தம் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அவர் வசதி. ஒத்துக்கொள்ளாதவர் யார் தெரியுமா? ஆபெலார்ட். தனக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடப்பதைப் பார்த்தார். 'போர்சா' என்றால் பணப்பை. காசை எண்ணி எண்ணி வைப்பார் என்று வந்த பெயர். பொஹிமொண்டும் பட்டப்பெயரே. ஞானஸ்நானப் பெயர் மார்க். குழந்தை பெரிதாக இருந்ததால் கதையில் வரும் ஒரு ராட்சதனின் பெயரை அப்பா வைத்தார்.

அப்பா இறந்ததும் பொஹிமொண்ட் தம்பியோடு சண்டை போட்டுத் தாரந்தோவையும் சுற்றுப்புறத்தையும் வாங்கினார். அது போதாமல் முதல் சிலுவைப் போரில் கிளம்பி 1098இல் அந்தியோக்கியாவைப் பிடித்துத் தனக்கென்று ஒரு நாட்டை அமைத்துக்கொண்டார்.

1084ல ரோமாபுரியை எரிச்சது அவரா?

அவர் படை. 1074இல் ராபர்ட்டைத் திருச்சபையிலிருந்து விலக்கிய அதே போப் ஏழாம் கிரெகோரி, 1080இல் சமாதானமாகிவிட்டார். ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி அவரை ரோமாபுரிக் கோட்டையில் அடைத்தபோது மெல்ஃபி சத்தியப்படி ராபர்ட் வந்தார். ஹென்றி முன்பே விலகிவிட்டார். ஊர்க்காரர்கள் எதிர்க்க, படை கொள்ளையடித்துத் தீவைத்தது. காப்பாற்றப்பட்ட போப் அதற்கப்புறம் அங்கே குடியிருக்க முடியவில்லை. ராபர்ட்டோடு தெற்கே போய் 1085 மே மாதம் சலெர்னோவில் இறந்தார்.

சிசிலி ராஜா ரோஜர் இவர் மகனா?

இல்லை, தம்பி மகன். மூன்று ரோஜர்களைப் பிரித்துக்கொண்டால் போதும். ட்ரொயினாவில் ஒரே மேலங்கியில் குளிர் காய்ந்தவர் முதலாம் ரோஜர், சிசிலியின் கோமகன், 1101இல் இறந்தார். பணப்பை ரோஜர் ராபர்ட்டின் மகன், டியூக். இரண்டாம் ரோஜர் முதலாமவரின் மூன்றாம் மனைவி அடலெய்டின் மகன். பணப்பை ரோஜரின் மகன் வில்லியம் 1127இல் பிள்ளையில்லாமல் இறந்ததும், அபூலியாவும் இரண்டாம் ரோஜரிடம் வந்தது. 1130 கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூடினார். பன்னிரண்டில் கடைக்குட்டியின் கிளையில்தான் ராஜபட்டம் போய் நின்றது.

ராபர்ட் எப்படி இறந்தார்? ரெண்டு மனைவில யாரோட சமாதி அவர் பக்கத்துல இருக்கு?

இரண்டாவது முறை கிரேக்கத்துக்குப் படையெடுத்தபோது முகாமில் கொள்ளைநோய் பரவியது. 1085 ஜூலை 17, கெஃபலோனியா தீவில் காய்ச்சலில் இறந்தார். அந்தத் தீவின் வடமுனையில் உள்ள ஃபிஸ்கார்டோ என்ற ஊர்ப்பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். சிகெல்கைட்டா உடலைக் கொண்டுவரும் வழியில் கப்பல் புயலில் சிக்கியது. குடலும் இதயமும் ஒத்ரந்தோவில். மிச்ச உடல் வெனோசா மடத்தில், அண்ணன்கள் பக்கத்தில். இப்போது அங்கே புதைத்த சகோதரர்களின் எலும்பெல்லாம் ஒரே கல்லறையில் இருக்கிறது.

சிகெல்கைட்டா 1090இல் இறந்தார். அவரை வைத்தது மோன்தெகஸ்ஸினோ மடத்தில். வெனோசாவில் அதே கோயிலுக்குள், தனிக் கல்லறையில் இருப்பவர் தள்ளிவைக்கப்பட்ட ஆல்பெரடா. மேலே லத்தீனில் இரண்டு வரி: கிஸ்கார்டின் மனைவி ஆல்பெரடா இந்தப் பேழைக்குள், மகனைத் தேடுகிறாய் என்றால் அவன் கனோசாவில்.